எல்லை வகுத்துச் செல்லும் பயணம்

கடல் கடந்தும் பொருள் ஈட்டலாம் என்று நம் முன்னோர் இசைவு தந்துள்ளனர். ஆயினும், எதை விட்டுச் செல்லலாம், எதை விட்டுச் செல்லலாகாது என்னும் வினாவை அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிட்டனர். பொறியாளரும் மருத்துவரும் அயல்நாடு செல்வது நம் குடும்பங்களில் இன்று புதுமையன்று. ஓவியம், இசை, கட்டடக்கலை, அனிமேஷன் முதலிய கலைத்தொழில்களைக் கற்ற பிள்ளைகளும் இப்போது அவ்வழியே செல்கின்றனர். இவர்களைப் பொறுத்தவரை அவ்வினா மேலும் ஆழமாகிறது. கலைஞர் தம் உழைப்பை மட்டும் விற்பதில்லை. தம் கண்ணையும் நினைவையும் கற்பனையையும் பிறர் ஆணைக்கு ஒப்படைக்கின்றனர்.

என் தங்கையின் மகள் அனிமேஷன் பயின்றவள். கனடாவிலுள்ள வான்கூவர் நகரிலிருந்து ஒரு நிறுவனம் அவளைப் பணிக்கு அழைத்தது. தந்தை மறுத்தார், தாய் ஒன்றும் கூறாது கண்கலங்கினாள். "மாமா, நான் போவது தவறா?" என்று அவள் என்னைக் கேட்டாள். என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அவ்வாரம் நாங்கள் அனைவரும் ஐவர்மலையை வணங்கிவிட்டுக் கொடைக்கானல் செல்வதாக இருந்தோம். விடையின் ஒரு பகுதியை அம்மலைகளே தந்தன.

பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலை, பண்டு திருவயிரை எனப்பட்டது. அங்கே பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக அமைந்துள்ளன. சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியன் காலத்தில் பொறித்த கல்வெட்டு ஒன்றும் உள்ளது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் ஓர் அடிகளின் உணவிற்கும் 505 காணம் பொன் அளித்ததை அது கூறுகிறது. அச்சணந்தி அடிகளின் பெயரும் அங்கே உண்டு. அதே பெயரை ஆனைமலை, உத்தமபாளையம், வள்ளிமலை முதலிய இடங்களிலும் காண்கிறோம். செய்வித்த பெரியோரின் பெயர்களைக் கல் காத்து வருகிறது. உளி பிடித்த கைகளின் பெயர்களை நாம் அறியோம்.

"எங்கள் வேலையும் இப்படித்தான், மாமா. நான் வரைவது எதுவும் எனக்குச் சொந்தமாகாது" என்றாள் அவள். உண்மையே. ஆனால் அது அயல்நாட்டிற்கு மட்டும் உரிய நிலையன்று. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணியாளர் பணியின் பொருட்டுப் படைத்ததற்கு முதல் உரிமையாளர் முதலாளியே என்று 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் கூறுகிறது. படைத்ததன்மேல் உரிமை இன்மை பெரிய இழப்பன்று. பற்றினைக் குறைக்கும் பயிற்சியாகவும் அதனைக் கொள்ளலாம். படைக்க மறுக்கும் உரிமையையும் சேர்த்து இழப்பதே அஞ்சத்தக்கது.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைவழியில் எனக்குப் பேகன் நினைவுக்கு வந்தான். இம்மலைநாட்டை ஆண்ட அவ்வள்ளல், மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தவன். உயிர்களிடத்து அத்துணை அருள் உடையவன், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய புலவர்கள் அவனைப் பாடியவை புறநானூற்றில் உள்ளன. புலவர்கள் ஊர்விட்டு ஊர் சென்று, பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். அக்காலத்துக் கலைத்தொழிலாளர்கள் என்றே அவர்களைச் சொல்லலாம். ஆயினும் அப்பெண்ணின் கண்ணீரைக் கண்டபின், பரிசிலை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. தாம் பசியால் வரவில்லை என்று பரணர் கூறுகிறார். இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்கிறார்.

இங்கே நாம் கற்கத்தக்கவை இரண்டு. தொலைவில் உள்ளதற்கு இரங்கும் நெஞ்சம், அருகில் அழுபவரைக் காணத் தவறலாம். இது பேகன் தரும் எச்சரிக்கை. பரிசில் நாடிச் சென்றவரும் அதனை வேண்டாவென்று சொல்லும் உரிமையைக் காத்துக்கொள்ளலாம். இது புலவர் தரும் வழி.

"தொலைவு போனால் நம் மொழியும் மரபும் மறந்துபோம்" என்றார் என் மைத்துனர். கொடைக்கானல் சரிவுகளில் 2006இலும் 2018இலும் பூத்த குறிஞ்சியைக் குறுந்தொகைப் புலவர் அறிந்திருந்தனர். அக்குறுந்தொகை, ஏ.கே. இராமானுசனுக்குச் சிகாகோவில் கிடைத்தது. மைசூரில் பிறந்த அவர், 1962இல் அப்பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறை அடுக்குகளில், உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பைக் கண்டெடுத்தார். அதிலிருந்து தேர்ந்த பாடல்களை அவர் ஆங்கிலமாக்கிய 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' 1967இல் வெளிவந்தது. தொலைவு அவரை வேரிலிருந்து அறுக்கவில்லை. ஆயினும், தொலைவே அதனைக் கொடுத்துவிடவும் இல்லை. அவர் தேடினார், அதனால் பெற்றார். உள்ளூரில் இருந்தும் தேடாதவர் பலரை நாம் அறிவோம்.

அவ்வாறாயின் நம் அறநூல்கள் என்ன கூறுகின்றன? இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். எத்திசையில் எவ்வளவு தொலைவு செல்வேன் என்று வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுப்பது அது. கடல், ஆறு, காடு, மலை, நாடு ஆகியவற்றை எல்லைக் குறிகளாகக் கொள்ளலாம் என்கிறார் சமந்தபத்திரர். கடல் கடப்பதே குற்றம் என்பது இதன் கருத்தன்று. எல்லையை வகுப்பவர் அவரவரே. ஆசை வகுக்காமல் அறிவு வகுக்க வேண்டும் என்பதே நோக்கம். இவ்விரதத்தின் ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயல் கூறுகிறது. மேலும் கீழும் பக்கங்களிலும் எல்லை கடத்தல் மூன்று. வகுத்த எல்லையைப் பெருக்கிக்கொள்ளுதல் நான்காவது. எல்லையை மறந்துவிடுதல் ஐந்தாவது. அயல்நாடு செல்வோரை வீழ்த்துபவை பெரும்பாலும் இறுதி இரண்டுமே. "இன்னும் ஓராண்டு" என்பது நான்காவது குற்றத்தின் குரல்.

காந்தியடிகள் 1888இல் இங்கிலாந்து செல்லும் முன், பேச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவரின் முன்னிலையில் தாய்க்கு மூன்று உறுதிகள் அளித்தார். கப்பல் ஏறும் முன்பே எல்லை வகுக்கப்பட்டது என்பதே இங்கு நாம் நோக்கத்தக்கது.

அன்று இரவு கொடைக்கானலில், அவள் தானே மூன்று எல்லைகளை ஒரு தாளில் எழுதினாள். கொலையை விளையாட்டாக்கும் படங்களுக்கு வரைவதில்லை. முதல் ஆண்டிலேயே ஊர் திரும்பும் செலவையும் ஆறு மாத வாழ்க்கைச் செலவையும் சேர்த்து வைப்பது. கனடாவில் அவளுக்கு வாய்த்த தொழில் அனுமதி ஒரே முதலாளியோடு பிணைந்தது ஆதலால், கையில் பொருள் இல்லாதவள் மறுப்புச் சொல்ல இயலாது. மூன்றாண்டு முடிவில், மேலும் தங்குவதா என்பதைப் பெற்றோர் முன் அமர்ந்து முடிவு செய்வது, தொலைபேசியில் அன்று.

அத்தாள் இப்போது என் தங்கையிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் தசலட்சண நாட்களில் அவள் அதனை மகளுக்குப் படித்துக் காட்டுகிறாள். இரண்டாவது எல்லை முதலாண்டில் நிறைவேறவில்லை. வாடகை மிகுதி என்றாள். மறைக்காமல் சொன்னாளே என்று தாய் மகிழ்ந்தாள். தந்தையின் மனம் இன்னும் முழுமையாக ஆறவில்லை. மூன்றாம் ஆண்டு முடிய இன்னும் சில மாதங்களே உள்ளன.

நம் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவதும் எளிது. வாழ்த்தி அனுப்பிவிட்டு மறப்பதும் எளிது. உடன் அமர்ந்து எல்லை வகுக்கச் செய்து, அவ்வெல்லையை அவர்கள் சார்பில் நினைவில் காத்து நிற்பதே அரிது. அவ்வரிய கடமையை நாம் மேற்கொள்வோமாக.