கஞ்சா மருந்தாகும்போது

சமயக் கூட்டங்களில் போதைப்பொருள் பற்றிப் பேச்சு எடுத்தால் முடிவு எப்போதும் ஒன்றுதான்: தொடாதே. நானும் அதைத்தான் சொல்வேன். போதையால் நாசமான குடும்பம் நம் தாமானிலேயே இருக்கும். ஆனால் போன மாதக் கிளைக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, மகனுக்குத் தினமும் நாலஞ்சு தடவ வலிப்பு வருது. மூணு மருந்து மாத்திப் பாத்தாச்சு. கஞ்சாச் செடியிலேர்ந்து எடுக்கிற மருந்து இருக்காமே, அதைக் கேட்டா பாவமா?"

பாவமே இல்லை என்பது என் கருத்து.

முதலில், அந்த மருந்து வெறும் வதந்தி இல்லை. செடியில் உள்ள கன்னாபிடியால் என்ற பொருள் போதை ஏற்றாது. அதைச் சுத்திகரித்துத் தயாரித்த எபிடியோலெக்ஸ் மருந்தை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது. லெனாக்ஸ்-கஸ்டோ, டிராவே என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்குத்தான் அப்போது அனுமதி கிடைத்தது, எல்லா வலிப்புக்கும் இல்லை. கல்லீரலைப் பாதிக்கவும் கூடும். டாக்டர் கண்காணிப்பு கட்டாயம் வேணும்.

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டப்படி, 200 கிராம் கஞ்சா வைத்திருந்தாலே கடத்தல்காரர் என்று அனுமானிப்பார்கள். கட்டாய மரண தண்டனை 2023இல் நீங்கியது. நீதிபதி விரும்பினால் விதிக்க இன்னும் இடமுண்டு. இப்படிப்பட்ட சட்டத்தைப் பார்த்து மக்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அபினிலிருந்து வரும் மார்ஃபினும் அதே சட்டத்தின் கீழ்தான் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய் வலிக்கு அதைக் கொடுக்கும் தாதியை யாரும் குறை சொல்வதில்லையே! கஞ்சா மருந்துக்கும் அறிவியல் ஆதாரத்தோடு வந்தால் பதிவு செய்யலாம் என்று 2021இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தார்.

சட்டம் இடம் கொடுத்தால் போதுமா? பிரிட்டன் 2018 நவம்பரில் சிறப்பு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்க அனுமதித்தது. ஆனால் அரசு மருத்துவச் சேவையில் கிடைத்தது மிகச் சிலருக்குத்தான். மற்றவர்கள் தனியார் கிளினிக்கில் காசு கட்டினார்கள். தாய்லாந்து எதிர்த்திசையில் ஓடியது. 2022 ஜூனில் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள், தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025இல் மீண்டும் மருந்துச் சீட்டு கட்டாயமானது. வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிறகு தேடுவது என்று எங்கள் பொறியியல் வகுப்பில் சொல்வோம்.

"சிவனே பாங்கு குடிப்பார்" என்று வாட்ஸ்அப்பில் வாதாடும் நண்பர்களே, அவர் ஆலகால விஷத்தையும்தான் குடித்தார். நீங்க குடிப்பீங்களா? அந்த வாதம் உண்மையான நோயாளிக்குத்தான் கெடுதல். அவர் கேட்பதையும் சேர்த்து எல்லோரும் சந்தேகப்படுவார்கள்.

அகிம்சை என்றால் அடிக்காமல் இருப்பது மட்டுமா? தணிக்க வழி இருக்கும் வலியை, நம் கூச்சத்துக்காக ஒரு பிள்ளை அனுபவிக்கட்டும் என்று விடுவதும் இம்சைதான். இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் நோயாளி பெயரோடு மருத்துவமனை மருந்தகத்தில் கொடுக்கும் புட்டி, லோரோங்கில் விற்கும் பொட்டலம் ஆகாது.

அதற்காக இணையத்தில் விற்கும் எண்ணெயை வாங்கிவிடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது, பிடிபட்டால் வழக்கு வேறு. நரம்பியல் நிபுணரிடம் நேராகக் கேளுங்கள். முடியாது என்று சொன்னால், ஏன் என்றும் கேளுங்கள்.