உனக்குத் தெரியும், எழுது!

விம்கோ நகரில் மெட்ரோ ஏறிக் கிண்டியில் இறங்கும் தம்பியே, தங்கையே! "எந்த ஏரியா?" என்று ஆபீசில் கேட்டால் "சென்னைதான்" என்று மழுப்பாதே. நிமிர்ந்து ஊர்ப்பெயரைச் சொல். 1923-இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கத்தைத் தாங்கிய ஊர் அது. பக்கத்துத் திருவொற்றியூரில் 1946-இல் ஒரு கொட்டகைக்குள் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்ததுதான் இன்றைய எம்ஆர்எஃப்.

இப்போது உன் வேலைக்கு வருவோம். கன்டெய்னர் யார்டு நடத்தும் உன் கம்பெனியின் தரவுத்தளத்தில் இனி ஏஐ ஏஜென்ட் கேள்வி கேட்கப்போகிறது. எந்த அட்டவணை எங்கே இருக்கிறது, எந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது, எது எதோடு இணைகிறது என்று அதற்குப் பார்த்துச் சொல்ல உன் டீம் ஒரு ஸ்கீமா தேடல் கருவியைக் கட்டியிருக்கிறது. கோட் எழுதும் வேலை இன்னொருவருக்குப் போயிற்று. "எனக்கு டாக்குமென்டேஷன்தான் குடுத்தாங்க" என்று முகம் சுண்டிப்போகிறாயே, எதற்கு?

அந்தக் கருவிக்கு நீ எழுதும் விளக்கத்தைப் படித்துவிட்டுத்தான் அதை எப்போது கூப்பிடுவது, என்ன கொடுத்துக் கூப்பிடுவது என்று ஏஜென்ட் முடிவு செய்கிறது. நீ ஒரு வரியைக் குழப்பி எழுதினால் அது குழம்பி நடக்கும். கோட் போலவே ஓடும் இந்த எழுத்தை எடுபிடி வேலை என்று எவன் சொன்னான்?

நம்ப மறுக்கிறாயா? 2023-இல் ஏஐ மாடல்களுக்குப் பேர்ட் என்றொரு பரீட்சை வந்தது. 95 தரவுத்தளங்கள், சாதாரண மொழியில் கேட்ட கேள்வியை எஸ்க்யூஎல்லாக மாற்ற வேண்டும். குறிப்பு எதுவும் தராதபோது அன்றைய ஜிபிடி-4 எடுத்தது 34.88 சதவீதம். இந்த மதிப்புக்கு இன்ன பொருள், இந்தக் கணக்கு இப்படி என்று குறிப்புச் சேர்த்ததும் 54.89. மாடல் அதேதான்! குறிப்போடு எழுதிய மனிதர்கள் 92.96 எடுத்தார்கள். மாடல் கூடுதலாக எடுத்த அந்த இருபது சதவீதப் புள்ளிகளைத் தூக்கிக் கொடுத்தது குறிப்பு.

"எனக்கு என்ன தெரியும்?" என்று மட்டும் கேட்காதே. மணலிப் பக்கத்து சிஎஃப்எஸ் (கன்டெய்னர் சரக்கு நிலைய) யார்டில் உன் அப்பாவோ சித்தப்பாவோ டேலி எழுதியிருப்பார். கன்டெய்னர் நம்பர் என்றால் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம், ஆக மொத்தம் 11 என்று அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். முதல் மூன்று எழுத்து உரிமையாளரின் குறியீடு. நான்காவது பெரும்பாலும் யு. கடைசி இலக்கம் முன்னாலுள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. ஏசி அறையை விட்டு வெளியே வராதவருக்கு அது வெறும் பதினோரு எழுத்து.

உன் தரவுத்தளத்தில் 'க்யூடிஒய்' என்று ஒரு நெடுவரிசை இருக்கிறதே, அது பெட்டிக் கணக்கா, 20 அடிப் பெட்டியை ஒன்றாக எடுக்கும் டிஇயு கணக்கா? 40 அடிப் பெட்டி ஒன்று இரண்டு டிஇயு. நேற்று எத்தனை பெட்டி உள்ளே வந்தது என்று மேனேஜர் கேட்கிறார். ஏஜென்ட் டிஇயு-வைக் கூட்டிச் சொல்லிவிடுகிறது. எர்ரர் எதுவும் வராது. எண் பார்க்க அழகாக இருக்கும், பொய்யாக இருக்கும். 'இன் டேட்' என்பது கப்பலிலிருந்து இறங்கிய தேதியா, யார்டு கேட்டில் நுழைந்த தேதியா? தரை வாடகை எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதில் காசு இருக்கிறதப்பா! 'ஸ்டேட்டஸ் 3' என்றால் கஸ்டம்ஸ் விட்டுவிட்டதா, பிடித்து வைத்திருக்கிறதா? சோர்ஸ் கோட்-ஐ மணிக்கணக்கில் துழாவாதே. யார்டுக்குப் போய்க் கேள். வெட்கத்தை ஸ்டேஷனிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்க் கேள்!

இதையெல்லாம் தரவுத்தளமே சொல்லாதா என்கிறாயா? தரவை அட்டவணைகளாக அடுக்கும் முறையை 1970-இல் சொன்னவர் ஐபிஎம்மின் எட்கர் காட். 1985-இல் அவர் வகுத்த விதிகளில் நான்காவது, தரவுத்தளம் தன்னைப் பற்றிய விவரத்தையும் அட்டவணையாகவே வைத்திருந்து, அதே மொழியில் கேட்டால் சொல்ல வேண்டும் என்கிறது. இன்றைய இன்ஃபர்மேஷன் ஸ்கீமா அதைச் செய்கிறது. ஆனால் நெடுவரிசையின் பெயர், வகை போன்றவற்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அதற்கு மேல் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீ!

எழுதும்போது கருவி செய்யாததையும் எழுது: அமைப்பை மட்டும் காட்டும், உள்ளிருக்கும் தரவைத் தொடாது. நூற்றுக்கணக்கான அட்டவணைகளை மொத்தமாகக் கொட்டவிடாதே. முதலில் பெயர்கள், கேட்ட பிறகு நெடுவரிசைகள். தப்பான பெயரைக் கேட்டால் வெற்றுப் பதில் தராமல் அதை ஒத்த பெயர்களை நீட்டச் சொல். வெற்றுப் பதிலைப் பார்த்தால் ஏஜென்ட் கற்பனையில் இறங்கிவிடலாம். வாடிக்கையாளரின் போன் நம்பரை உதாரணத்துக்குக்கூட எடுத்துப் போடாதே.

அப்ரைசலில் இதற்கு மார்க் விழுமா? சும்மா உட்கார்ந்திருந்தால் விழாது. யார்டில் தினமும் கேட்கும் ஐம்பது கேள்விகளைத் திரட்டு. குறிப்பு இல்லாமல் ஏஜென்ட்டை ஓட்டி எத்தனை தப்பு என்று எண்ணு. பிறகு உன் கம்பெனித் தரவுத்தளம் ஓடும் போஸ்ட்கிரெஸைத் திற. நெடுவரிசைக்குக் குறிப்பு எழுத அதில் 'கமென்ட் ஆன்' என்று ஒரு கட்டளையே இருக்கிறது. முதல் வரியாக அந்தக் க்யூடிஒய்-க்கு எழுது: "டிஇயு கணக்கு, பெட்டி எண்ணிக்கை இல்லை." கருவி அந்தக் குறிப்பையும் எடுத்துக் காட்டும்படி செய்துவிட்டு, அதே ஐம்பதை மறுபடி ஓட்டு. எந்த சீனியராவது "இதெல்லாம் தேவையா?" என்று இழுத்தால், இரண்டு எண்களையும் அவர் மேஜையில் வை.