ஏழாம் ஆண்டுத் தரிசு

பல ஆண்டுப் பணிக்குப் பிறகு பேராசிரியர்களுக்கு ஊதியத்தோடு கிடைக்கும் சபாட்டிகல் என்ற நீண்ட ஆய்வு விடுப்புக்கு மூலம், யூத வேதத்திலுள்ள ஒரு வேளாண்மை விதி. ஆறு ஆண்டுகள் விதைக்கலாம், திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யலாம். ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட்டுவிட வேண்டும் என்கிறது லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம். அந்த ஆண்டில் தானாக முளைத்து விளைவதை உடையவர் அறுத்துக் களஞ்சியத்தில் சேர்க்கக் கூடாது. அவரும் அவருடைய வேலையாளும் கூலியாளும் வெளியூரிலிருந்து வந்து தங்கியவரும் ஆடுமாடும் காட்டு விலங்கும் அதை எடுத்து உண்ணலாம். எபிரேயத்தில் ஷ்மிட்டா எனப்படும் இந்த ஆண்டை இஸ்ரேலில் சமயப் பற்றுள்ள விவசாயிகள் இன்றும் கடைப்பிடிக்கிறார்கள்; கடைசியாக வந்தது 2021–22இல்.

இந்த ஏழாண்டுக் கணக்கைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தது ஹார்வர்ட். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த சமஸ்கிருத அறிஞர் சார்லஸ் லான்மனைத் தம்மிடம் வரவழைக்க, ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் 1880இல் ஒரு சலுகையை முன்வைத்தார்: ஏழாண்டுக்கு ஒருமுறை பாதிச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்பு. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், உரிய பதவியில் ஏழாண்டுப் பணி முடித்த நிரந்தர ஆசிரியருக்கு இதை அனுமதிக்கின்றன. ஒரு தடவைக்கு ஓராண்டு, பணிக்காலம் முழுவதற்கும் இரண்டாண்டு என்பது வரம்பு. ஆசிரியரின் திறனையும் அவரால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் பயனையும் கூட்டுவது மட்டுமே இதன் நோக்கம் என்று அந்த விதிமுறை வரையறுக்கிறது. ஓய்வு வேலைக்காகவா, வேலை ஓய்வுக்காகவா என்ற பழைய கேள்வி இங்கே எழுகிறது.

வாரந்தோறும் வரும் ஓய்வுநாளைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. யூதர்கள் ஏழு நாளில் ஒரு நாள் சும்மா இருந்து வாழ்நாளில் ஏழிலொரு பங்கை வீணாக்குகிறார்கள் என்று ரோமானியத் தத்துவஞானி செனெகா பழித்ததாகப் புனித அகஸ்டின் எழுதியிருக்கிறார். செனெகாவின் காலமான முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபிலோ ஓய்வுநாளுக்குப் பரிந்து பேசினார். இளைப்பாறியவர் புது வலுவோடு வேலைக்குத் திரும்புகிறார், ஆகவே ஓய்வு வீண் அன்று என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமான வாதம்தான். ஆனால் யூத மெய்யியலாளர் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷெல், 1951இல் வெளியிட்ட ஓய்வுநாள் பற்றிய நூலில் இதை ஏற்கவில்லை. வேலை நாள்கள்தாம் ஓய்வுநாளுக்காக இருக்கின்றன. ஃபிலோ பேசியது வேதத்தின் கருத்தை அன்று, அரிஸ்டாட்டிலின் கருத்தை என்றார் அவர். இதில் அரிஸ்டாட்டிலுக்குப் பாதி நியாயமே கிடைக்கிறது. களைப்புத் தீர ஆறுவது வேலைக்காக என்று சொன்ன அதே அரிஸ்டாட்டில், மனிதர் பாடுபடுவதெல்லாம் கட்டற்ற ஓய்வைப் பெறத்தான் என்றும் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் பத்தாம் பகுதியில் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சிந்திப்பதற்கு உரிய நிலை அவருக்கு அதுவே.

பல்கலைக்கழக விதிகள் ஃபிலோவின் பக்கம் நிற்கின்றன. பொதுப் பணத்தில் ஊதியம் கொடுக்கும் நிறுவனம் பயனைக் கேட்பதில் தவறில்லை. விடுப்பில் போகும் அறிஞரும் அந்த வாதத்தை முழுதாக ஏற்றுக்கொண்டால்தான் சிக்கல். பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு நூல், சில கட்டுரைகள், இரண்டு வெளிநாட்டுப் பயணங்கள் என்று அட்டவணை போட்டுவிட்டால், ஏழாம் ஆண்டு மாணவர் இல்லாத ஆறாம் ஆண்டாகிவிடும்.

ஆனால் திட்டமே வேண்டாம் என்று யூத மரபு சொல்லவில்லை. மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் ஏழாம் ஆண்டுச் சட்டங்களைக் கூறும் 'ஷெவீத்' பகுதி ஆறாம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது: ஓய்வாண்டுக்கு முன்பு எந்த நாள் வரை தோப்பை உழலாம் என்பதே அதன் முதல் கேள்வி. ஏழாம் ஆண்டில் ஆதாயம் தேடி முன்கூட்டி நிலத்தைப் பண்படுத்துவதும் ஒரு கட்டத்தில் நின்றாக வேண்டும். மரம் பட்டுப்போகாமல் காக்கும் வேலை ஏழாம் ஆண்டில் செய்யத்தக்கது, அதைச் செழிக்க வைக்கும் வேலை கூடாது என்று மிஷ்னாவை விளக்கும் தல்மூது வேறுபடுத்துகிறது. ஆய்வு விடுப்புக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் மாணவரைக் கைவிட முடியாது. பாதியில் நிற்கும் சோதனையை அணைத்துவிட முடியாது. அவை மரத்தைக் காக்கும் வேலை. புதுத் திட்டத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பிப்பது விதைப்பு.

கடன் விஷயமும் உண்டு. யூத வேதத்தின் உபாகமம் 15ஆம் அதிகாரத்தின்படி ஏழாம் ஆண்டு முடிவில் கொடுத்த கடனை விட்டுவிட வேண்டும். அந்த ஆண்டு நெருங்க நெருங்க எவரும் ஏழைக்குக் கடன் கொடுக்க முன்வராததைக் கண்ட யூத அறிஞர் ஹில்லேல், கடனை வசூலிக்கும் உரிமையை நீதிமன்றத்திடம் எழுதிக் கொடுக்கும் புரோஸ்புல் என்ற பத்திரத்தை ஏற்படுத்தினார். சட்டத்தை வளைத்துவிட்டார் என்ற குறை ஹில்லேல்மீது உண்டு. ஆனாலும் ஏழைக்குக் கடன் கிடைத்தது. பாடக்குழு, தேர்வுத்தாள், துறைக் கூட்டம் என்று பேராசிரியரைச் சூழ்ந்திருக்கும் கடமைகளும் விடுப்பு ஆணை வந்ததும் தாமாக மறைவதில்லை. ஆறாம் ஆண்டிலேயே இன்ன பொறுப்பு இன்னாரிடம் என்று எழுதிக் கொடுத்துப் பிரியாதவர் ஆண்டு முழுவதும் மின்னஞ்சல் வழியாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

லேவியராகமம் கூலியாளையும் சேர்த்தே ஓய்வைச் சொல்கிறது. பல்கலைக்கழகம் அந்தப் பகுதியை விட்டுவிட்டது. நிரந்தரப் பேராசிரியர் விடுப்பில் போனால் அவருடைய வகுப்புகள் பெரும்பாலும் சக ஆசிரியரின் சுமையாகின்றன, அல்லது தற்காலிக ஆசிரியரிடம் போகின்றன. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஏழாம் ஆண்டு என்ற ஒன்றே இல்லை. ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய கூடுதல் உழைப்பாக மாறும் இந்த ஏற்பாட்டை வேதத்தின் பெயரால் அழைப்பது பொருந்தாது. அறிஞர் தனியாகச் சரிசெய்யக்கூடிய குறை அல்ல இது. விடுப்புக் காலத்துக்கு முழுச் சம்பளத்தில் மாற்று ஆசிரியரை அமர்த்தும் கடமை நிறுவனத்துக்கு உரியது.

ஏழாம் ஆண்டில் எதைச் சாப்பிடுவது என்ற அச்சத்தையும் லேவியராகமத்தின் அந்த அதிகாரம் மறைக்காமல் பதிவு செய்கிறது. ஆறாம் ஆண்டு விளைச்சல் மூன்று ஆண்டுக்குப் போதும் என்பது அங்கே தரப்படும் வாக்கு. எட்டாம் ஆண்டில் விதைத்தாலும் ஒன்பதாம் ஆண்டு விளைவு வரும்வரை பழைய தானியத்தையே உண்ண வேண்டியிருக்கும் என்று அது கணக்குப் போடுகிறது. மானியக் குழுவின் விதிமுறையோ, விடுப்பிலிருந்து திரும்பியதும் என்ன படித்தார், என்ன ஆராய்ந்தார் என்று ஆசிரியரிடம் கேட்கிறது. எதைப் படித்தேன் என்று எழுதிக் கொடுக்கலாம், அது எளிது. அந்தப் படிப்பு நூலாகவோ கட்டுரையாகவோ புதிய பாடமாகவோ மாறுவதற்கு எட்டாம் ஆண்டும் ஒன்பதாம் ஆண்டும் தேவைப்படலாம் என்று அந்த அறிக்கையிலேயே சொல்லிவிடுவதும் நேர்மையான பதில்தான்.