பூஜை இல்லாத இடத்துக்கு ஏன் போக வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூர்... 1017-ல் ஸ்ரீராமாநுஜர் அவதரித்த புண்ணிய பூமி! ஆதிகேசவப் பெருமாளையும் 'தானுகந்த திருமேனி'யாக அருளும் உடையவரையும் கண்குளிர சேவித்து, தீர்த்தமும் துளசியும் பெற்றுத் திரும்புகிறோம். 'அங்கே ஏன் போனீர்கள்?' என்று எவரும் கேட்பதில்லை.

அங்கிருந்து கார் தொழிற்சாலைகளைக் கடந்து ஒரகடம் பக்கம் சென்றால், வடக்குப்பட்டு என்றொரு கிராமம். 2022-ல் மத்திய தொல்லியல் துறையினர் இங்கே அகழாய்வு செய்தபோது கற்கருவிகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 12,000 ஆண்டுகள் என்று கணித்தார்கள். அதற்கு மேலடுக்கில், ரோமானிய ஜாடிகளின் உடைந்த ஓடுகள்!

இதுபோன்ற இடங்களில் மணியோசை இல்லை, அர்ச்சனை இல்லை, பரிகாரமும் பலனும் இல்லை. ஆனாலும் மக்கள் தேடிப் போகிறார்களே, எதற்காக?

2023-ல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனால் பதில் கிடைக்கும். கீழடி மண்ணில் கிடைத்த, 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட பானை ஓடு ஒன்றில் 'ஆதன்' என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. நாமும் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டித்தானே வாங்குகிறோம்? 'இது என் பானை' என்று கீறிய அந்தக் கையும், நம் வீட்டுக் கை போலத்தானே இருந்திருக்கும்!

அமாவாசைத் தர்ப்பணத்தில் மூன்று தலைமுறையினரின் பெயரைச் சொல்கிறோம். அதற்கு முன்னால்? பெயர் தெரியாது, முகம் தெரியாது. அவர்கள் சமைத்ததும் பிள்ளை வளர்த்ததும் இதே மண்ணில்தான். அவர்களைத் தேடித்தான் மனம் அங்கே போகிறது. கோயிலில் நமக்கு வேண்டியதைக் கேட்கிறோம். இங்கே கேட்க ஒன்றும் இல்லை. நன்றியோடு நினைக்க மட்டுமே முடியும். எதையும் கேட்காமல் நிற்பதும் பக்திதான்!

அப்படியானால், அங்கு கிடக்கும் ஓர் ஓட்டை ஞாபகமாக எடுத்து வரலாமா? கூடவே கூடாது! எந்த அடுக்கில், எதனருகில் கிடந்தது என்பதை வைத்தே அதன் காலத்தை அறிகிறார்கள். இடம் பெயர்ந்த ஓடு ஊமையாகிவிடும். 'சிவன் சொத்து குலநாசம்' என்று அஞ்சுகிற நாம், முன்னோர் சொத்துக்கும் அஞ்ச வேண்டாமா? கோயில் கல்வெட்டின் மேல் கற்பூரம் ஏற்றுவதும், எண்ணெய் தடவுவதும்கூட இதே தவறுதான்.

பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கண்ணால் பாருங்கள், கைகூப்புங்கள்... இருந்ததை இருந்தபடியே விட்டு வாருங்கள். நமக்குப் பின்னால் வருபவர்களும் பார்க்க வேண்டும் அல்லவா?