முகத்தில் இலக்கம் பொறித்த பூட்டு

பழைய காரின் டாஷ்போர்ட் லாச்சிக்குப் பூட்டு மாற்றுவது சிறிய வேலை. லாச்சி பூட்டிக் கிடந்து, திறப்பும் இல்லாமல், பூட்டியவரும் இறந்துபோயிருந்தால் அது அவ்வளவு சிறிய வேலை அல்ல. மட்டக்களப்பு மாவட்டத்து மண்டூரில் ஒரு வீட்டு வளவில் நிற்கும் 1960களின் ஒஸ்டின் காருக்கு அதுதான் நேர்ந்தது. மற்றத் திறப்புகள் சுவர் ஆணியில் தொங்கின. லாச்சித் திறப்பு மட்டும் எங்கும் இல்லை. தகப்பனின் காரை மறுபடியும் ஓடவைக்க மகள் விரும்பினார். கராஜிலிருந்து வந்தவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். பூட்டின் முகத்தில் எஃப்.எஸ். என்ற எழுத்துகளும் மூன்று இலக்கங்களும் பொறித்திருந்தன. இலக்கம் இருப்பதால் திறப்பு வெட்டலாம் என்றார். தாய் ஒன்றுதான் கேட்டார்: "அவர் பூட்டிப்போட்டுப் போனத நாம திறக்கலாமா மனே?"

கேட்டது கராஜ்காரரிடம். ஆனால் அது கராஜில் தீரும் கேள்வி அல்ல.

அந்த இலக்கத்திலிருந்து தொடங்கலாம். அக்காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றுக்குப் பேர்மிங்ஹாமின் வில்மொட் பிரீடன் நிறுவனமே பூட்டுச் செய்தது. அதன் எஃப்.எஸ். வரிசை 876இல் தொடங்கி 955இல் முடிகிறது. மொத்தம் 80 வகைத் திறப்புகள். லட்சக்கணக்கான கார்களுக்கு 80 திறப்புகள் என்றால், ஒருவரையொருவர் அறியாத பலரிடம் ஒரே திறப்பு இருந்திருக்கும். போதாததற்கு, எந்தத் திறப்பு வேண்டும் என்பதைப் பூட்டே தன் முகத்தில் எழுதிவைத்திருக்கிறது. சொந்தக்காரர் திறப்பைத் தொலைத்தால் இன்னொன்று வாங்கட்டும் என்பதற்காக அப்படிப் பொறித்தார்கள். அதே இலக்கத்தைக் கள்ளனும் வாசிக்கலாம். செய்தவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் பொறித்தார்கள் என்றால், கள்ளனை விடத் திறப்பைத் தொலைக்கும் மனிதரையே அவர்கள் அதிகம் நினைத்திருக்கிறார்கள்.

பூட்டின் உள்ளமைப்பும் எளியது. ஓர் உருளை, அதற்குள் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றின் கீழும் தலைமயிர் போன்ற ஒரு சுருள்வில். சரியான திறப்பு நுழைந்ததும் தகடுகள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வர, உருளை சுழன்று நாக்கை இழுக்கிறது. மட்டக்களப்பு வாவிக் காற்றின் உப்பும் ஈரமும் முதலில் அரிப்பது அந்தச் சுருள்வில்லைத்தான். அடுத்தது நாகக் கலவையில் வார்த்த கூடு. எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும். கிராபைட் தூளே நல்லது. திறப்பு கையில் இருந்தால் மாற்றுவது சுலபம். லாச்சி மூடியைத் திறந்து, பின்புறப் பிடியைக் கழற்றிப் பழைய பூட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, நாக்கு விழும் எதிர்த்தகட்டைச் சற்று நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். பழைய தகடுகளைப் புதிய உருளைக்கு மாற்றினால் பழைய திறப்பே தொடர்ந்து பயன்படும்.

திறப்பு இல்லாவிட்டால் மூன்று வழிகள் உண்டு. ஒன்று துளைபோட்டு உடைப்பது. இரண்டு இலக்கத்தைக் கொண்டு திறப்பு வெட்டுவிப்பது. மூன்றாவது வழி, டாஷ்போர்ட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டு லாச்சியைப் பின்பக்கமாகக் கழற்றுவது. அக்காலக் கார்கள் பலவற்றில் லாச்சியின் உட்பெட்டி அழுத்திய காகித அட்டையால் ஆனது. சில திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். முன்னால் இரும்பு, பின்னால் காகிதம். இப்படி ஒரு பூட்டு எதைக் காக்கிறது?

கார் லாச்சிக்கு ஒரு பழைய கதை உண்டு. டொரதி லெவிட் என்ற ஆங்கிலேயக் காரோட்டப் பந்தய வீராங்கனை 1909இல் பெண்களுக்காக ஒரு கார்க் கையேடு எழுதினார். கூரையில்லாத கார்களில் குளிர்காற்று கையை விறைக்கச் செய்த காலம் அது. காரின் சிறு லாச்சியில் கையுறையும் ஒரு கைக்கண்ணாடியும் இருக்கட்டும் என்று அவர் சொன்னார். பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்கவும் அந்தக் கண்ணாடி உதவியது. மட்டக்களப்பு வெயிலில் கையுறை போடுவார் இல்லை. இங்கே அந்த லாச்சிக்குள் போனவை லைசன்ஸ், இன்சூரன்ஸ் கடதாசி, திருநீற்றுப் பொட்டலம், மூக்குக்கண்ணாடி. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி இறுகியது; 1977இல்தான் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இடையில் ஒரு காரை வைத்திருந்தவர் அதையே வைத்திருந்தார். ஆண்டுக்கணக்கில் ஒரே மனிதரின் கை திறந்து மூடிய லாச்சி, அந்த மனிதரின் சட்டைப்பை அளவுக்குச் சொந்தமாகிவிடுகிறது.

பின்னர் போர்க்காலம் வந்தது. மண்டூர் இருக்கும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வாவியைக் கடப்பதென்றால் சோதனைச் சாவடி. இறங்கு என்றால் இறங்க வேண்டும், திற என்றால் திறக்க வேண்டும். அங்கே பூட்டு ஒரு பொருட்டே அல்ல; பூட்டியிருப்பதே சந்தேகத்துக்குக் காரணமாகும். தன் பொருளைத் தான் பூட்டி வைக்கும் உரிமை எவ்வளவு பெரியது என்பது அதை இழந்து வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் அமைதி திரும்பிய பிறகு ஒரு சிறு லாச்சியைப் பூட்டினார் என்றால், உள்ளே எதுவுமே இல்லாதிருந்தாலும் அந்தப் பூட்டுக்கு அர்த்தம் உண்டு.

திறக்கக்கூடியதைத் திறக்காமல் விடுவது மண்டூருக்குப் புதிய விஷயமும் அல்ல. சின்னக் கதிர்காமம் எனப் பெயர்பெற்ற மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். மூலத்தானத்தை மறைப்பது ஒரு திரைச்சீலை. இந்த ஊர்ப் பிள்ளைகள் சிறுவயதிலேயே அந்தத் திரைக்கு முன்னால் கைகூப்பி நிற்கப் பழகுகிறார்கள். உள்ளே என்ன என்று கேட்கும் பிள்ளைக்குப் பெரியவர்கள் கும்பிடு என்று மட்டும் சொல்வார்கள். சீலையை விலக்க ஒரு விரல் போதும். ஆனாலும் யாரும் விலக்குவதில்லை. அந்த மறைப்பின் பலம் துணியில் இல்லை. வெளியே நிற்பவரின் அடக்கத்தில் இருக்கிறது. லாச்சிப் பூட்டும் அந்த இனத்தைச் சேர்ந்தது. தன் இலக்கத்தை முகத்தில் பொறித்து, முதுகைக் காகிதமாக வைத்திருக்கும் பூட்டு எவரையும் தடுக்கவில்லை. கேட்டுத் திறவுங்கள் என்று மட்டும் சொல்கிறது.

கேட்பதற்கு ஆள் இல்லாதபோது என்ன செய்வது என்பதுதான் தாயின் கேள்வி. திறப்பதற்கு நியாயம் உண்டு. உள்ளே காணி உறுதி இருக்கலாம், கடன் சீட்டு இருக்கலாம். அவை உயிரோடு இருப்பவர்களின் வாழ்க்கையைத் தொடுபவை. கோயில் திரைக்குப் பின்னால் இருப்பது எவருக்கும் சொந்தமல்ல. லாச்சிக்குள் இருப்பதோ இப்போது குடும்பத்தாருக்குச் சொந்தம். திறக்காமல் விடுவதற்கும் நியாயம் உண்டு. இறந்தவர் மறுப்புச் சொல்ல முடியாது; மறுக்க முடியாதவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நேர்மையல்ல. தேவை இருந்தால் திறக்கலாம், ஆவலுக்காகத் திறக்கக்கூடாது என்று ஒரு நடுவழி சொல்லலாம். ஆனால் தகப்பனை இழந்த மகளிடம் தேவை எங்கே முடிகிறது, ஆவல் எங்கே தொடங்குகிறது என்று யார் கோடு கிழிப்பது?

அந்த வீட்டில் இறுதியில் திறப்பு வெட்டுவித்தார்கள், உடைக்கவில்லை. பூட்டை உடைப்பது அவரை மீறுவது, அவர் வைத்திருந்ததைப் போன்ற திறப்பால் திறப்பது அவர் வழியே போவது என்று மகள் கருதினார். தாய்க்கு அது முழுதாக ஒப்பவில்லை. இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டிலும் வண்டியிலும் பூட்டி வைத்தவற்றில் எதைத் திறக்கலாம், எதைத் திறக்காமலே எரித்துவிட வேண்டும் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, திறப்போடு சேர்த்து, நம்பும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.