பிணியைக் கொண்டு வந்தது யார்?

பதி, பசு, பாசம் என முப்பொருள் பேசும் சைவ சித்தாந்தம், பசு என்பதற்கு மனிதன் என்று மட்டும் பொருள் கொள்வதில்லை. எறும்பும் யானையும் வௌவாலும் பாசத்தாற் கட்டுண்ட உயிர்களே. ஆயினும் கொள்ளை நோயொன்று வந்துவிட்டால், "எந்த விலங்கு இதைக் கொண்டு வந்தது?" என்பதே நமது முதற் கேள்வியாகின்றது.

1957ஆம் ஆண்டு கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அயற் கிராமத்தவரும் காய்ச்சலில் வீழ்ந்தனர். மக்கள் அதனைக் குரங்குக் காய்ச்சல் என்றனர். குரங்கோ மனிதரைப் போலவே அந்நோயால் மாண்ட உயிர். கிருமியைக் காவியது காட்டு உண்ணி. காட்டை வெட்டி, அதனுள் மாடுகளை மேயவிட்டவர்கள் நாம். பெயர் மட்டும் குரங்குக்கு!

மலேசியாவில் 1998, 1999இல் நிப்பா நோய் பரவியது. பெரும் பன்றிப் பண்ணைகளின் அருகிலேயே பழத் தோட்டங்களும் இருந்தன. வௌவால் கடித்த பழம் தொழுவத்தில் விழ, அதைப் பன்றி தின்ன, பன்றியிடமிருந்து தொழிலாளருக்கு நோய் தொற்றியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நோயைத் தடுக்க ஏறத்தாழப் பத்து இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. வேறு வழி இருந்திருக்காது. ஆனாலும் அடைத்து வளர்த்ததும் நாம், கொன்றதும் நாம். அந்தப் பத்து இலட்சம் உயிர்களின் கணக்கு யாருடைய வினையிற் சேரும் என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

நம் நாட்டிலும் இது நடந்தது. மகாவலித் திட்டத்திற் காடழித்துக் குடியேறியோரிடம், மேலதிக வருமானத்துக்கெனப் பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டது. வயல் நீரில் நுளம்பு பெருகிற்று. 1985 முதல் அநுராதபுரப் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டு சென்றது. ஏழைக்கு வயல் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். வயலுக்குத் திட்டம் வரைந்தபோது நுளம்பையும் பன்றியையும் எண்ணிப் பார்க்காததே குறை.

கொழும்பிற் காடேது என்றும் கேட்கலாம். டெங்கு நுளம்பு, ஆதியில் ஆபிரிக்கக் காடுகளின் மரப்பொந்து நீரில் முட்டையிட்ட இனம். இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் பூச்சாடித் தட்டும் கொட்டாஞ்சேனைக் கூரைப் பீலியும் அதற்கு மரப்பொந்தாகிவிட்டன. 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளாயினர். பிள்ளைக்குக் காய்ச்சல் மாற வேண்டுமென்று நேர்ந்து அம்மன் வாசலில் உடைத்த தேங்காயின் சிரட்டை, மதிலோரம் மழைநீர் ஏந்திக் கிடந்தால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கான நுளம்பு அங்கேயே பிறக்கின்றது.