ஊர் அறியாத இசைத்தட்டுகள்

பலர் போற்றுவதனாலேயே ஒரு பொருள் சிறந்ததாகிவிடுமா? ஒருவரும் போற்றாமையால் அது தாழ்ந்ததாகிவிடுமா? இவ்வாறு வினவினால், "ஆகாது" என்று உடனே விடை பகராதார் நம்மில் இலர். ஆயினும் நடைமுறையில் ஊர் கொண்டாடும் பாட்டையே நாமும் கொண்டாடுகிறோம். ஊர் மறந்ததை நாமும் மறந்துவிடுகிறோம். சொல்லுக்கும் செயலுக்கும் இடையேயுள்ள இப்பிளவை, மேனாட்டு ராக் இசையின் பழைய தட்டுகள் சிலவற்றைக் கொண்டு ஆராய விரும்புகிறோம்.

தோட்டத்தார் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. வாளியில் வந்த பாலின் அளவை மட்டும் பார்த்துக் கணக்கெழுதினால் கணக்குத் தவறும். அதில் நீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று சோதித்தாக வேண்டும். புகழ் என்பது வாளியின் நிறை. தகுதி என்பது பாலினுள் இருக்கும் ரப்பர்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 'பிக் ஸ்டார்' என்றொரு குழு இருந்தது. 1972-இல் வெளியான தங்கள் முதல் இசைத்தட்டுக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்றே அவர்கள் பெயரிட்டனர். பத்திரிகைகள் புகழ்ந்தன, ஆனால் வாங்கச் சென்றவர்களுக்குக் கடைகளில் தட்டுக் கிடைக்கவில்லை. விநியோகம் சீர்கெட்டிருந்ததே காரணம். 1974-இல் வந்த 'ரேடியோ சிட்டி'க்கும் அதே கதிதான். மூன்றாவது தட்டு 1978 வரை வெளிவரவேயில்லை. அவ்வாண்டின் இறுதியில், குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கிரிஸ் பெல் தம் 27-ஆம் வயதில் கார் விபத்தில் மாண்டார். ஆர்.இ.எம். முதலிய பெயர்பெற்ற குழுவினர், தாங்கள் 'பிக் ஸ்டார்' இசைக்குக் கடன்பட்டிருப்பதைப் பிற்காலத்தில் பகிரங்கமாகக் கூறினர். முதல் தட்டிலுள்ள 'தர்ட்டீன்' என்னும் பாட்டைக் கேட்டால் அதன் காரணம் விளங்கும். ஆரவாரமற்ற கிதார், தணிந்த குரல், இளம் பருவத்து அன்பின் கூச்சம், இவ்வளவே அப்பாட்டு. ஆனால் கேட்டவர் மனத்தைவிட்டு அது எளிதில் அகலாது.

இதனினும் உருக்கமானது டிட்ராய்ட் நகரத்துக் கறுப்பினச் சகோதரர் மூவரின் வரலாறு. டேவிட், பாபி, டானிஸ் ஹேக்னி என்னும் அம்மூவரும் தங்கள் குழுவுக்கு 'டெத்', அதாவது மரணம், என்று பெயர் வைத்தனர். 1975-இல் ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தனர். பெயரை மாற்றினால் ஆதரவு தருவதாகப் பெரிய இசைத்தட்டு முதலாளி ஒருவர் கூறினார். மூத்தவரான டேவிட் இணங்கவில்லை. 1976-இல் தாங்களே ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டு ஒரு சிறு தட்டை வெளியிட்டனர். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. டேவிட் 2000-இல் காலமானார். அச்சிறு தட்டோ, பழந்தட்டுச் சேகரிப்போர் கைகளில் உலவிக்கொண்டிருந்தது. பாபியின் புதல்வர்களே தங்கள் தந்தையின் பாட்டைப் பிறர் வாயிலாகத்தான் அறிய நேர்ந்தது! 1975-இல் பதிவான அவ்வேழு பாட்டுகளும் 2009-இல்தான் தட்டாக வெளிவந்தன. உலகம் வியந்தது. வியப்பைக் கேட்க டேவிட் இல்லை.

"நல்லதைக் காலம் தானே காப்பாற்றும்" என்பர் சிலர். காலத்திற்குக் கையும் இல்லை, காதும் இல்லை. அத்தட்டைக் காப்பாற்றியவர்கள் அதைக் கேட்டு, எறியாமல் வைத்திருந்து, அடுத்தவருக்குச் சொன்ன மனிதர்களே. அத்தகைய மனிதர் வாய்க்காமல் அழிந்துபோன நல்லிசை எத்துணையோ! காலத்தின்மேல் பாரத்தைப் போடுவது நம் சோம்பலுக்கு நாம் சூட்டும் அழகிய பெயராகும்.

இனி, இதற்கு நேர்மாறான குற்றம் ஒன்றுண்டு. "இது எனக்கு மட்டுமே தெரியும்" என்று செருக்குற்று, பலர் விரும்பத் தொடங்கியதும் அப்பாட்டை வெறுப்போர் உளர். அவர்கள் நேசித்தது இசையையன்று; தங்கள் தனிமையை. மறைந்து கிடப்பவையெல்லாம் மாணிக்கமென்று மயங்குவதும் தவறே. மறக்கப்பட்ட தட்டுகளுள் மறக்கத்தக்கவையும் பல. ஊர் புகழ்வதால் கொள்வதும், ஊர் புகழ்வதால் தள்ளுவதும் ஒன்றே. இரண்டிலும் தீர்ப்பு ஊருடையதாகவே இருக்கிறது.

ஆதலின் செய்யத்தக்கது யாது? முதலில் நம் செவிகொண்டு கேட்பது. பின்னர் நல்லதென்று கண்டதை அஞ்சாது நால்வருக்குச் சொல்வது. ஒரு பாட்டினால் மனம் தேறியவன், அதைப் பாடியவனுக்குக் கடன்பட்டவன். தட்டுக்குக் கொடுத்த விலையால் அக்கடன் தீர்வதில்லை. பிறர் காதில் அப்பாட்டைச் சேர்ப்பதால்தான் தீரும். அதையும் பாடியவன் உயிரோடிருக்கும்போதே செய்துவிடுதல் நன்று. இறந்தபின் சூட்டும் மாலையின் மணத்தை அவன் அறியப்போவதில்லை.

தோழர்களே! 'பிக் ஸ்டார்', 'டெத்' ஆகிய இரு குழுக்களின் தட்டுகளையும் ஒரு முறையேனும் கேட்டுப் பாருங்கள். பிடிக்காவிடில் தயங்காது ஒதுக்குங்கள். பிடித்திருந்தால் பேசாதிருந்துவிடாதீர்கள்.